கடைசிக் கட்டம்

பணிப்பதிவேடு எண் 214.
பெயர்: ம. சுகிர்தபாய்.
பிறந்த ஊர் குலசேகரம். தகப்பனார் தொழில் ரப்பர் வெட்டு.
அடையாளம்: இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு.
அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் இடமில்லை.

நாகர்கோவில் கல்லூரி அலுவலகத்தில்
ஜன்னலோர மேசை என்னுடையது.
முப்பத்தோராண்டு அவரை
நீல மையில் எழுதியவன் நான்.
இடவப்பாதி மழை தெறித்த பக்கங்களில் மட்டும்
எழுத்து கொஞ்சம் பரந்திருக்கும்.

ஒருமுறை இரண்டாண்டு ஊதியமில்லா விடுப்பு.
காரணம்: ஆய்வு. இடம்: கரீபியன் கடலில் ஒரு தீவு.
சுவர்ப் படத்தில் தேடினேன்,
என் நகம் அதை மூடிவிட்டது.

திரும்பி வந்தவரிடம் பியூன் ராசய்யன் கேட்டான்,
அங்கெ என்ன டீச்சர் சாப்பாடு?
"கடச்சக்கைதான். நாம கறி வைப்போம்,
அவங்க தீயில சுட்டுத் திங்காங்க."
அந்தத் தீவின் பல்கலைக்கழகத்துக்குத் தலைவி
கரும்பு வெட்டியவளின் மகளாம்.
பட்டம் வாங்கிய பெண்களை எண்ணிக் கைதட்டியவர்களிடம்
பையன்கள் எங்கே போனார்கள் என்று கேட்டாளாம்,
பட்டம் வாங்கியவளுக்குச் சம்பளம் ஏன் குறைகிறது,
அதையும் அதே மூச்சில்.

பிறகு இங்கே,
ஆரல்வாய்மொழி முதல் கொல்லங்கோடு வரை
நாற்பத்தொரு பள்ளிக்கூடம்.
மணியடிக்கும் முன்பே போய் நிற்பார்.
வகுப்பறையை யார் பெருக்குகிறார்கள்,
தூத்தூர் ஒன்பதாம் வகுப்பில்
வள்ளத்துக்குப் போய்விட்ட பையன்கள் எத்தனை பேர்.
அதைத்தான் ஆராய்ச்சி என்றார்.
வாரியல் டாக்டர் என்று சிரித்தோம்.

பெண்ணியல் துறை வந்தது,
பழைய சைக்கிள் கொட்டகையைக் கொடுத்தோம்.
புகார்க் குழு வந்தது,
விலங்கியல் துறைத் தலைவர் வேலையை விட்டுப் போனார்.
அதன் பிறகுதான்
முதல்வர் பதவிக்கான கோப்பு என் மேசைக்கு வந்தது.
நிர்வாகக் குழுவில் ஒருவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்,
"அதுக்க மேல ஒரு கல்ல வையும் ஓய்."
வைத்தேன்.
முட்டம் கரையில் நானே பொறுக்கிய வழுவழுப்பான கல்.

மூன்றாம் வாரம் அந்தத் தீவிலிருந்து கடிதம்.
தபால்தலையில் நீண்ட வால் தேன்சிட்டு,
கிழித்து என் மகளுக்குக் கொடுத்தேன்.
உறை பிரிந்தே இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.
தலைவி எழுதியிருந்தாள்:
என் கோப்பு நான்காண்டு கிடந்தது.
சண்டை போடாதே. தேதி கேள்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு
என் மேசை முன் நின்றார்.
"இன்னைக்கு என்ன தேதி சாரே?"
சொன்னேன். சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.
ஓணம் போனது. சவேரியார் கோயில் கொடி ஏறி இறங்கியது.
மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து
நான் வராத பத்து நாளும்
காலி நாற்காலியிடம் கேட்டாராம், ராசய்யன் சொன்னான்.
ராத்திரி மனைவி மணி கேட்டால்
தேதி சொன்னேன்.

பதினொரு மாதம்.
ஒரு செவ்வாய்க்கிழமை கல்லை எடுத்தேன்.
யாரும் எடுக்கச் சொல்லவில்லை. வீரமும் இல்லை.
வராந்தாவில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டது,
அவ்வளவுதான்.

ஒன்பதாண்டு முதல்வராக இருந்தார்.
என்னை அந்த மேசையிலிருந்து மாற்றவே இல்லை.
அது மன்னிப்பா தண்டனையா,
கேட்க எனக்கு ஒரு தேதி கிடைக்கவில்லை.

இன்று பிற்பகல் பணிநிறைவு.
கடைசி வரியும் எழுதியாயிற்று.
பதவி உயர்வுக்கு நேரே ஒரு கட்டம் மட்டும்
வெறுமனே கிடக்கிறது: குறிப்பு.
'தாமதம்' என்று எழுதினேன்.
எழுவாய்க்கு வந்தபோது மை நின்றது,
அல்லது கை.

கையெழுத்திட வந்தவர்
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"எழுதும் சாரே" என்றார்,
"தேதியும் போடும்."